கை வைத்து எழும்ப ஓரிடம்

கொஞ்சம் நீளமான பதிவு. சண்டிலிப்பாயில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள். கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

மூன்று கிழமைக்கு முன் எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சனசமூக நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கனடாவில் இருக்கிற குடும்பம் ஒன்று தங்கள் தாயாரின் நினைவாகப் பஸ் தரிப்பிடம் கட்டித்தரப் போகிறதாம். கல்வெட்டில் வரும் வாசகத்தில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துத் தரச் சொன்னார்கள். நான் கணித ஆசிரியை. தமிழ் டீச்சர் அன்றைக்கு லீவு, அதனால் தாள் என்னிடம் வந்தது. "ஞாபகார்த்தமாக" என்பதில் ஒரு 'ர்' விடுபட்டிருந்தது. போட்டுக் கொடுத்தேன்.

தாளின் பின்பக்கத்தில் வரைபடம் இருந்தது. கூரை எத்தனை அடி, தூண் எத்தனை அங்குலம், மாபிள் கல்வெட்டு எந்த உயரத்தில், விளக்கு எங்கே, எல்லாவற்றுக்கும் அளவு போட்டிருந்தார்கள். பின்சுவரை ஒட்டி ஒரு கோடு மட்டும் கீறி, அதன் மேல் "வாங்கு" என்று எழுதியிருந்தது. அதற்கு அளவே இல்லை.

"வாங்கு என்ன உயரம்?" என்று கேட்டேன்.

"அது மேசன் பாத்துப் போடுவார் டீச்சர்."

எனக்கு அது மனதில் குத்திக்கொண்டே இருந்தது. காரணம், அந்த இடத்தில் இப்போது இருக்கிற வாங்கை நான் அடிநுனி அறிவேன். சோனகதெருவிலிருந்து வந்து இங்கே படிப்பிக்கத் தொடங்கி ஐந்து வருடம். பள்ளிக்கூடம் விட்டதும் அந்த வாங்குக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன். பக்கத்தில் என்றுதான் சொல்கிறேன், மேலே அல்ல. மூன்று இரும்புக் குழாயை ஒட்டவைத்துச் செய்தது. நடுக்குழாய் கறள் பிடித்து விட்டுப்போயிற்று. ஒரு நாள் அடிமட்டம் வைத்து அளந்தேன், நிலத்திலிருந்து 14 அங்குலம். முன்பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்தது வழிதவறி வந்துவிட்டதோ தெரியாது. அதில் இருப்பவை பெரும்பாலும் பைகள்தான்.

ஆட்கள் இருப்பது மதகில். பொடியள், கிளினிக்குக்குப் போகிற அம்மாமார், மரக்கறிச் சாக்கோடு வருகிறவர்கள், எல்லாரும் மதகுக் கட்டில். யாரும் அதை இருக்கை என்று நினைத்துக் கட்டவில்லை. ஆனால் உயரம் சரியாக இருக்கிறது, அகலமும் சீமெந்தும் உறுதி. ஒரு குறைதான், பின்பக்கம் வாய்க்கால்.

கிளினிக் கொப்பியைச் சொப்பிங் பாக்கில் வைத்துக்கொண்டு வருகிற ஒரு அம்மா இருக்கிறா. மதகில் இருப்பா. பஸ் தூரத்தில் வரும்போதே என்னைப் பார்ப்பா. "பிள்ளை, ஒருக்காத் தூக்கிவிடு மோனை." கையைக் கொடுப்பேன். போன மாசி மாதம் ஒரு நாள் எனக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம், பிந்திவிட்டேன். நான் வீதிக்கு வரும்போது பஸ் புறப்பட்டுப் போகிறது, அம்மா இன்னும் மதகில். அவ எழும்பி முடிய முன்னம் பஸ் எடுத்துவிட்டது. "நான் கை காட்டினனான் பிள்ளை, எழும்பேலாமப் போச்சு" என்றா. கோபமாகச் சொல்லவில்லை, தன்னுடைய பிழை போலச் சொன்னா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வரைபடத்தைப் பார்த்த மறுநாள் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வீட்டுவேலை கொடுத்தேன். அளவீடு என்ற பாடத்தின் பேரில்தான். வீட்டில் இருக்கிற வயதானவர் இருந்த இடத்திலிருந்து எழும்பும்போது கையை எங்கே வைக்கிறார் என்று பார்த்து எழுதி வாருங்கள். கேட்கக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும்.

பதில்கள் வந்தன. கதிரைக் கைப்பிடியில். கட்டில் விளிம்பில். கிணற்றுக்கட்டில். கதவு நிலையில். தன் முழங்காலிலேயே இரண்டு கையையும் ஊன்றி. ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்: "அப்பம்மா என்ர தோளிலை கை வைப்பா. நான் இல்லாட்டி எழும்ப மாட்டா, நான் பள்ளிக்கூடத்தாலை வருமட்டும் இருப்பா." அந்தக் கொப்பியில் சரி போட எனக்குக் கை வரவில்லை.

ஒரு கொப்பியிலும் "கை வைக்காமல் எழும்பினார்" என்று இல்லை. வரைபடத்தில் இருந்த கோட்டில் கை வைக்க ஓர் இடமும் இல்லை.

அதன் பிறகு நான் கொஞ்சம் வாசித்தேன், கொஞ்சம் ஆட்களிடம் கேட்டேன். எழும்புவது என்பது காலின் வேலை என்று நினைத்திருந்தேன். பாதி உண்மை. கதிரையில் இருந்து எழும்பிப் பாருங்கள். முதலில் குதிக்கால்களைப் பின்னுக்கு, இருக்கைக்குக் கீழே இழுப்பீர்கள். பிறகு முன்னுக்குச் சரிவீர்கள். பிறகுதான் எழும்புவீர்கள். வாங்கின் முன்பக்கத்தை நிலம்வரை சுவராகக் கட்டிவிட்டால் குதிக்கால் உள்ளே போகாது. கீழே ஒரு சாண் வெளி வேண்டும். உயரத்துக்கு அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான விதிகளில் 17 முதல் 19 அங்குலம் என்று இருக்கிறது. எங்கள் அம்மாமார் அவ்வளவு உயரம் இல்லை, அதனால் 17க்கும் 18க்கும் இடையில் பார்க்கலாம் என்பது என் எண்ணம். ஆழம் கூடினாலும் பிழை. முதுகு சாயப் போனால் கால் நிலத்தை விட்டு எழும்பிவிடும்.

ஓட்டோ ஓடுகிற தம்பி ஒருவரிடம் கேட்டேன். முழங்காலுக்கு மேலே ஒரு கால் இல்லை, யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் செய்த கால் போட்டிருக்கிறார். "டீச்சர், பதிஞ்ச கதிரை எங்களுக்குக் கிணறு மாதிரி. இறங்கலாம், ஏற ஏலாது" என்றார். முழு உடம்பையும் ஒற்றைக் காலால் தூக்க வேண்டும் அல்லவா. சக்கர நாற்காலியில் இருக்கிற தன் கூட்டாளியைப் பற்றியும் அவரே சொன்னார். அவர் வாங்குக்கு மாறி இருக்க வேண்டுமென்றால் பக்கவாட்டாகச் சறுக்கி வரவேண்டும், அந்தப் பக்கத்தில் கைப்பிடி இருந்தால் அதுவே தடை. ஆகவே ஒரு முனையில் கைப்பிடி வேண்டும், மற்ற முனையில் வேண்டாம். இது என் மூளையில் உதித்திருக்காது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் நாட்டில் 1996இல் வந்தது. கட்டடங்களில் அணுகும் வசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளியாயின. அதன் பிறகு சாய்தளம் என்ற சொல்லாவது எல்லாருக்கும் தெரியும். சாய்தளத்தில் ஏறி உள்ளே போனபின் எங்கே இருப்பது என்பதை இன்னும் மேசன்தான் பார்த்துப் போடுகிறார்.

இதில் வருத்தமான பகிடி என்னவென்றால், இந்த விசயத்தில் எங்கள் ஊர் ஒரு காலம் கெட்டிக்கார ஊர். சுமைதாங்கியை யோசித்துப் பாருங்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தினால் அவ்வளவுதான். தலையில் சுமையோடு தனியே நடக்கிறவர், இன்னொருவரின் உதவி இல்லாமல் சுமையை அதில் தள்ளி வைத்து, இளைப்பாறி, மறுபடியும் தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம். அந்தக் கல்லின் உயரம் தற்செயலாக வந்தது இல்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாகக் குடும்பத்தார் அதை நாட்டுவார்கள். இறக்கி வைக்காத சுமையோடு போனவளுக்காக, வழியில் போகிறவர்களின் சுமையை இறக்க ஓர் இடம். அதிலே பெயர் இருந்ததோ இல்லையோ, உயரம் சரியாக இருந்தது. பக்கத்தில் மாடு உரஞ்ச ஆவுரஞ்சிக் கல், தண்ணீர்த் தொட்டி, மர நிழல், மடம். மாட்டின் முதுகு அரிப்புக்கும் ஒரு கல் நட்டவர்கள் நாங்கள். வீதி அகலித்தபோது பல போய்விட்டன.

பருத்தித்துறைக்குப் போனால் தெருமூடி மடத்தைப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். வீதியே மடத்துக்குள்ளால் போகிறது. இரண்டு பக்கமும் திண்ணை, கல் தூண்கள், மேலே கூரை. ஒரு தரம் நான் அங்கே அரை மணித்தியாலம் இருந்தேன். எழும்பும்போது என் கை தானாகத் தூணுக்குப் போயிற்று. திண்ணையில் தூண் கூரையைத் தாங்க மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. (வாங்கு, கதிரை, மேசை மூன்றும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். திண்ணை எங்களது.)

திண்ணையைப் புகழ்ந்துகொண்டே போக எனக்கு மனமில்லை. அதில் யார் இருக்கலாம், யார் முற்றத்தில் நிற்க வேண்டும் என்பதும் எங்கள் ஊர்க் கதைதான். பள்ளிக்கூடங்களில் சில பிள்ளைகள் வாங்கில், சில பிள்ளைகள் நிலத்தில். 1930ஐ ஒட்டிய காலத்தில் அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று வந்தபோது, இந்தக் குடாநாட்டில் பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள். ஒரு வாங்குக்காக. ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்களின் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், சம ஆசனமும் சம போசனமும் வேண்டுமென்று நின்றது அந்தக் காலத்தில்தான். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. வந்தும் தேநீர்க்கடையில் எல்லாரும் ஒரே வாங்கில் இருக்க, 1966க்குப் பிறகு சங்கானையிலும் வேறு இடங்களிலும் ஆட்கள் அடி வாங்க வேண்டியிருந்தது. சங்கானை இங்கிருந்து சைக்கிள் தூரம். இதையெல்லாம் நான் படிப்பிக்கும் பிள்ளைகளில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அவர்களுக்கு வாங்கு என்றால் பிருட்டத்தை வைக்கிற பலகை. அப்படியே இருக்கட்டும், அது நல்ல விசயம்தான். ஆனால் வாங்கு சும்மா வந்தது இல்லை.

எங்கள் பக்கமும் சொல்ல வேண்டும். எங்கள் கலியாணங்களில் சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தாலத்தைச் சுற்றிப் பாயில் இருந்து, எல்லாரும் ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுவோம். என் உம்மாவுக்கு முழங்கால் தேய்வு, கீழே இருக்க ஏலாது. போன வருடம் ஒரு கலியாணத்தில் உம்மாவுக்கு மரியாதையாக ஒரு கதிரை போட்டு, தனிப் பீங்கானில் சோறு கொடுத்தார்கள். நல்ல கதிரை, சுவர் ஓரம், காற்றாடிக்குக் கீழே. உம்மா சாப்பிட்டுவிட்டு வந்து சொன்னா, "கதிரை கிடைச்சிச்சு, ஆக்கள்தான் கிடைக்கல்ல." யாருடைய பிழையும் இல்லை, எல்லாரும் நல்ல மனதோடுதான் செய்தார்கள்.

ஆகவே சக்கர நாற்காலிக்கு இடம் விடுவதென்றால் தரிப்பிடத்துக்கு வெளியே, வெயிலில், ஒரு மஞ்சள் பெட்டி கீறி விடுவது அல்ல. கூரைக்குக் கீழே, வாங்கின் பக்கத்திலேயே, கதைக்கிற தூரத்தில். மூன்றடிக்கு நாலடி வெறும் நிலம் விட்டால் காணும். அந்த இடத்துக்குச் சீமெந்தும் தேவையில்லை, கம்பியும் தேவையில்லை. வாங்கைக் கொஞ்சம் கட்டையாக்கினால் செலவு குறையும்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு சனசமூக நிலையத்துக் கூட்டத்துக்குப் போனேன். ஒரே பெண் நான்தான். மரியாதையாகக் கேட்டார்கள், பொய் சொல்லக் கூடாது. பிறகு ஒரு ஐயா சொன்னார், "டீச்சர், வசதியா வாங்கைப் போட்டா பின்னேரத்தில பொடியள் வந்து குந்திவிடுவாங்கள். பிறகு போத்தில் உடைக்கிறது, சத்தம் போடுறது. நடுவில நாலு கம்பியை வைச்சு அடைக்க வேணும்."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அந்த மதகுக்குக் கீழே போத்தில் ஓடுகளை நானும் பார்த்திருக்கிறேன். லண்டனில் கம்டென் என்ற நகரசபை 2012இல் இதே யோசனையில் ஒரு கொங்கிறீட் வாங்கு போட்டது. யாரும் படுக்க ஏலாது, சறுக்குப் பலகை ஓட ஏலாது, அடியில் எதையும் ஒளிக்க ஏலாது. எல்லாப் பக்கமும் சரிவு. உலகம் முழுவதும் பெயர் எடுத்தது, நல்ல பெயர் இல்லை. பொடியளைக் கலைக்கச் செய்த வாங்கில் அம்மாமாரும் இருக்க மாட்டார்கள். எழும்புவதற்காக வைக்கிற கைப்பிடியும், இருக்கவிடாமல் வைக்கிற கம்பியும் தூரத்தில் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆகவே எங்கே வைக்கிறோம், எவ்வளவு இடைவெளியில் வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

அதோடு, அந்தப் பொடியள் யார்? நான் படிப்பித்த பிள்ளைகள். ஆறு மணிக்கு அவர்கள் போக இந்த ஊரில் வேறு என்ன இடம் இருக்கிறது? வெளிச்சம் இருக்கிற இடத்தில், ஆட்கள் வந்துபோகிற இடத்தில் இருந்தால் அடக்கமாகத்தான் இருப்பார்கள். நான் இதைச் சொன்னபோது ஐயா சிரித்தார். "உங்களைக் கண்டா அடக்கமாத்தான் இருப்பாங்கள்" என்றார்.

பெண்களைப் பற்றியும் சொன்னேன். இரண்டு ஆண்கள் வாங்கின் இரண்டு முனையிலும் இருந்தால் நடுவில் நாலு பேருக்கு இடம் இருந்தாலும் ஒரு பெண்ணும் போய் இருக்க மாட்டாள். நின்றுகொண்டே இருப்போம். நானும் அப்படித்தான். நடுவில் ஒரு கைப்பிடி வந்தால் ஒரு வாங்கு இரண்டாகும், அந்தப் பக்கம் போய் இருக்கலாம். ஒரு கைப்பிடியால் இரண்டு வேலை. அதற்கு மட்டும் எல்லாரும் உடனே தலையாட்டினார்கள். அவர்கள் வீட்டிலும் பெண்கள் பஸ்ஸில் போகிறார்கள்தானே.

உறுதி பற்றிய கதையை மேசன் அண்ணையிடம் விட்டேன், அவருக்குத்தான் தெரியும். இரும்பு எங்கள் காற்றுக்குச் சரிவராது என்றார், குழாய் நிலத்துக்குள் போகிற இடத்தில்தான் முதலில் அரிக்குமாம். கொங்கிறீட்டும் சும்மா நிற்காது. கம்பி மேற்பரப்புக்குக் கிட்ட இருந்தால் உப்பு இறங்கிக் கறள் பிடிக்கும், கறள் பருத்துக் கொங்கிறீட்டை வெடிக்கப் பண்ணும். "ரெண்டு அங்குலம் மூட வேணும் டீச்சர், கடல் மண் கலக்கப்படாது, ஒரு கிழமை சாக்குப் போட்டு நனைக்க வேணும். அவசரப்படுத்தாதேங்கோ." விளிம்புகளை உருட்டிவிடச் சொன்னேன், கூர் விளிம்பு தொடையின் இரத்த ஓட்டத்தை அமத்தும். இருக்கையில் தண்ணீர் தேங்காமல் இருக்கப் பின்பக்கம் சரிக்கலாமா என்று யோசித்தோம். சரித்தால் எழும்புவது இன்னும் கஷ்டம். கடைசியில் இருக்கைக்கும் முதுகுக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி விட முடிவு செய்தோம், தண்ணீர் அதனால் போகும். கைப்பிடிக்கு வைரம் பாய்ந்த பனை. வெயிலில் சுடாது, மாரியில் குளிராது, தேயத் தேய மினுங்கும். சிராய் வராமல் நல்லாகச் சீவித் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பணம் கொடுக்கிற குடும்பத்தின் சம்மதம் வேண்டும் அல்லவா. மகளோடு வட்சப்பில் கதைத்தேன். கல்வெட்டைச் சிறிதாக்கினால் கைப்பிடிச் செலவு சரிவரும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். பிறகு கேட்டேன், "உங்கட அம்மா கடைசிக் காலத்தில எழும்பேக்க எதைப் பிடிச்சு எழும்புவா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எனக்குத் தெரியாது டீச்சர். நான் 98இல இங்க வந்திட்டன்." கேட்டிருக்கக் கூடாதோ என்று எனக்கு ஒரு மாதிரிப் போயிற்று. இரண்டு நாள் கழித்து ஒரு குரல்பதிவு வந்தது. அம்மாவைப் பார்த்துக்கொண்ட சித்தியிடம் விசாரித்தாவாம். கிணற்றடி வாழைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல் இருந்ததாம், அதில்தான் இருப்பாவாம், துலாக்காலைப் பிடித்துத்தான் எழும்புவாவாம். "கல்வெட்டு எவ்வளவு சின்னனாயும் இருக்கட்டும்" என்று முடித்திருந்தா.

என்னிடம் ஏன் இந்தப் பிடிவாதம் என்று தலைமை ஆசிரியரும் கேட்டார். 1990 ஒக்டோபர் 30இல் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஏழு வயது. இருபது வருடம் புத்தளம். 2010இல் வாப்பாவோடு சோனகதெரு வீட்டைப் பார்க்க வந்தேன். கூரை இல்லை, கதவு இல்லை, நிலைகளையும் பிடுங்கியிருந்தார்கள். அறைக்குள் நாயுண்ணிப் பற்றை. முன்னால் சிவப்புச் சீமெந்துத் திண்ணை மட்டும் வெடிப்பில்லாமல் அப்படியே இருந்தது. வாப்பா கைலேஞ்சியால் தூசியைத் தட்டிவிட்டு அதில் இருந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் இருந்தார். எழும்பும்போது பழக்கத்தில் கை தூணுக்குப் போயிற்று. தூண் இல்லை. நான் தோளைக் கொடுத்தேன்.

இனி வேண்டுகோள். புதன்கிழமை கொங்கிறீட் போடுகிறார்கள். போட்டபின் உயரத்தை மாற்ற ஏலாது. அதனால் மேசன் அண்ணை சனசமூக நிலைய முற்றத்தில் சீமெந்துக் கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, மாதிரி வாங்கு மூன்று வைத்திருக்கிறார்: 16, 17, 18 அங்குலம். கைப்பிடிக்குப் பனஞ்சலாகை கட்டியிருக்கிறோம். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு வாருங்கள். அம்மாவை, அப்பம்மாவைக் கூட்டி வாருங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு ஓட்டோத் தம்பி காசில்லாமல் ஏற்றி இறக்குவார், உள்பெட்டியில் எனக்கு எழுதுங்கள். பொடியளும் வரலாம், நீங்களும்தான் அதில் இருக்கப்போகிறீர்கள்.

வந்தவர்களுக்கு எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். இருக்கட்டும், கதைக்கட்டும், பிறகு எழும்பட்டும். கை எங்கே போகிறது என்று என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கொப்பியோடு நின்று பார்ப்பார்கள். தேத்தண்ணி அந்த ஐயாவின் செலவு, அவரே பொறுப்பெடுத்தார்.